83 பிஎஸ் போதுமா? பவர் குறைந்த சின்ன ஸ்போர்ட்டி வண்டிகளில் ஓட்டும் சுகம் உண்டா?

நாமக்கல்_கியர்:
வணக்கம் நண்பர்களே. ஆறு லட்சத்துக்குள் ஒரு செகண்ட் ஹேண்ட் வண்டி பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு மனதில் இருக்கின்றன. ஒன்று 2018 ஸ்விஃப்ட் பெட்ரோல் மேனுவல், 83 பிஎஸ் (பிஎஸ் என்றால் எஞ்சினின் குதிரைத்திறன்). இன்னொன்று 2016 போலோ ஜிடி டிஎஸ்ஐ, டர்போ பெட்ரோல் ஆட்டோமேட்டிக், 105 பிஎஸ். மச்சானிலிருந்து பெரியப்பா வரை வீட்டில் எல்லோரும் "அந்தக் காசுக்குப் பழைய டீசல் எஸ்யூவி எடு, உயரமாக உட்கார்ந்து போகலாம்" என்கிறார்கள். எனக்கு வேண்டியது ஓட்டும்போது கிடைக்கிற சுகம். வார நாளில் நாமக்கல்–சேலம், ஞாயிறு விடியற்காலையில் காரவள்ளி வழியாகக் கொல்லிமலை, அவ்வளவுதான் என் ஓட்டம். யூடியூபில் பார்த்தால் 200 பிஎஸ்ஸுக்குக் கீழே எதையும் ஸ்போர்ட்டி என்றே யாரும் ஒத்துக்கொள்வதில்லை. சின்ன எஞ்சினில் நிஜமாகவே சுவாரஸ்யம் இருக்கிறதா, இல்லை பெரிய வண்டி வாங்க முடியாதவர்கள் சொல்லிக்கொள்ளும் ஆறுதலா? ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

திருச்சி_டர்போ:
நேராகவே சொல்லிவிடுகிறேன், ஆறுதல்தான். திருச்சி–சென்னை ரோட்டில் 70-இல் போகிற லாரியை 75-இல் போகிற இன்னொரு லாரி ஓவர்டேக் எடுத்துக்கொண்டே இருக்கும், பின்னால் நாம் நிற்காத குறை. அது வழி விட்டதும் மிதித்தால் வண்டி கிளம்ப வேண்டும். டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத 1.2 லிட்டர் எஞ்சினில் ஐந்தாவது கியரிலிருந்து மூன்றுக்கு இறக்கி, எஞ்சின் கத்தி, அப்புறம்தான் வேகம் ஏறும். நான் ஓட்டுவது 1.0 டர்போ பெட்ரோல் காம்பாக்ட் எஸ்யூவி, 120 பிஎஸ். நான்காவதிலேயே இழுத்துக்கொண்டு போகும். முதுகைச் சீட்டோடு அழுத்துகிற அந்த வேகம் இல்லாமல் சிவப்புத் தையல் சீட்டையும் ஸ்பாய்லரையும் வைத்து ஸ்போர்ட்டி என்று விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்று, இதை யாரும் பேசுவதில்லை. 2018 ஸ்விஃப்ட் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் வாங்கியது 2 நட்சத்திரம். போலோ 2014-இலேயே இரண்டு ஏர்பேக்குடன் 4 நட்சத்திரம். எடை குறைந்தால் சுகம் என்று சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஏற்காடு_அடிவாரம்:
திருச்சி ப்ரோ, நால்வழிச் சாலை ஓவர்டேக்கிலும் பாதுகாப்பிலும் நீங்கள் சொல்வது சரி. ஆனால் கேட்டவர் ஏறப்போவது கொல்லிமலை, அங்கே 70 கொண்டை ஊசி வளைவு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வளைவின் ஆரம் 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 8.3 மீட்டர். அதன் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் 7-ஐ ஒட்டி வரும், அதாவது புவியீர்ப்பில் 0.7 மடங்கு, 0.7 ஜி. சாதாரண டயர் காய்ந்த ரோட்டில் 0.8, 0.85 வரை பிடித்துக்கொள்ளும். ஆக, 83 பிஎஸ் வண்டியோ 400 பிஎஸ் வண்டியோ, அந்த வளைவில் 33-க்கு மேல் போக இயற்பியல் விடாது. அதுவும் டயர் கத்துகிற எல்லை, ரோட்டில் அதற்கு நன்றாகக் கீழேதான் நாம் இருக்க வேண்டும். இரண்டு வளைவுக்கு நடுவே கிடைக்கிற நேர்ப்பாதை கொஞ்சம்தான். 400 பிஎஸ்காரர் அங்கே காலை வைத்த உடனே எடுத்தாக வேண்டும். ஸ்விஃப்ட்காரர் இரண்டாவது கியரில் முழுசாக மிதித்து, ஆர்பிஎம் மீட்டர் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று) 6,000-ஐ நெருங்கும் வரை எஞ்சினை விட்டுவிட்டு, பிரேக் பிடித்து, அடுத்த வளைவுக்குத் தயாராகலாம். எஞ்சினில் இருப்பதை எல்லாம் கையில் எடுத்து ஓட்டுகிறோம் என்கிற திருப்தி அந்தப் பெரிய எஞ்சின்காரருக்கு எந்த மலையிலும் கிடைக்காது. அவர் அதைத் தேடி ரேஸ் டிராக்குக்குத்தான் போக வேண்டும்.

எடையையும் பாருங்கள். ஸ்விஃப்ட் 83 பிஎஸ், 870 கிலோ, டன்னுக்கு 95 பிஎஸ். போலோ ஜிடி 105 பிஎஸ், எடை 1,100 கிலோவை ஒட்டி, அதுவும் டன்னுக்கு 95. உங்கள் டர்போ எஸ்யூவி 1,200 கிலோ என்றால் டன்னுக்கு 100. தாளில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான்! வித்தியாசம் அந்தப் பவர் எந்த இடத்தில் கிடைக்கிறது என்பதில். ஸ்விஃப்டில் 113 என்எம் டார்க் (எஞ்சினின் இழுக்கும் பலம்), அதுவும் 4,200 ஆர்பிஎம்மில். போலோவில் 1,500-லிருந்தே 175 என்எம். போலோ சும்மா தொட்டாலே போகும். ஸ்விஃப்டில் சரியான கியரில் சரியான நேரத்தில் நாம் இருந்தாக வேண்டும். அந்த வேலைதான் எனக்குப் பிடித்தது.

குன்னூர்_பனி:
கணக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் மலையில் தினமும் ஓட்டுகிற எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் டர்போ இல்லாத எஞ்சின் பத்து சதவீதம் அளவுக்கு பவரை இழக்கும், காற்றில் ஆக்சிஜன் குறைவு என்பதால். ஊட்டி 2,240 மீட்டர். உங்கள் 83 பிஎஸ் இங்கே வந்து சேரும்போது 65-ஐ ஒட்டித்தான் இருக்கும். டர்போ வண்டி காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் இந்த இழப்பு அதற்கு ரொம்பக் குறைவு.

இப்போது நான்கு பேர், டிக்கி நிறைய லக்கேஜ், ஏசி ஓடுகிறது. பர்லியாறு தாண்டி ஏறும்போது முன்னால் போகிற பஸ் ஏற்றத்திலேயே நின்று ஆள் இறக்குகிறது. அங்கிருந்து முதல் கியரில் எடுத்து இரண்டுக்கு மாற்றினால் எஞ்சின் முக்கும், திரும்ப முதல் கியர். பின்னால் ஹாரன். இதில் எங்கே சுகம்? ஆளில்லாத ரோட்டில் தனி ஆளாகப் போகிறவர் சொல்கிற கதை வேறு, குடும்பத்தோடு போகிறவர் அனுபவம் வேறு. வாங்குகிறவர் எது தனக்கு அதிகம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.

நாமக்கல்_கியர்:
குன்னூர் அண்ணா, நல்ல கேள்வி. பெரும்பாலும் தனி ஆள்தான். குடும்பத்துக்கு அப்பாவின் வண்டி இருக்கிறது. கொல்லிமலை உச்சி 1,300 மீட்டர்தான் என்பதால் பவர் இழப்பும் பெரிதாகத் தெரியாது என்று நினைக்கிறேன்.

வால்பாறை_டீச்சர்:
நான் ஓட்டுவது 1998 ஸென். 993 சிசி, 50 பிஎஸ். எஃப்சி புதுப்பித்துப் புதுப்பித்து இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், விற்கச் சொல்லி வீட்டில் கேட்டு அலுத்துவிட்டார்கள். ஆழியாறிலிருந்து வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவுகள். இந்த விவாதத்தில் பவரைப் பற்றியே பேசுகிறீர்கள், கைக்கும் காலுக்கும் கிடைப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

என் வண்டியில் பவர் ஸ்டியரிங் கிடையாது. வளைவுக்குள் நுழையும்போது முன் டயரில் எடை ஏறுவது ஸ்டியரிங் கனப்பதிலேயே தெரியும். மழை பெய்து ரோடு வழுக்கினால் அந்தக் கனம் சட்டென்று குறையும், வண்டி நழுவுவதற்கு முன்பே கை சொல்லிவிடும். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி கிளட்சை விட்டால் குலுக்கல் இல்லாமல் கியர் உட்கார்ந்துகொள்ளும். அந்த ஒரு நொடி சரியாக அமைந்தால் போதும், அன்றைக்கு எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். இத்தனையும் நடப்பது 35, 40 வேகத்தில். ஒன்பதாவது வளைவுப் பக்கம் வரையாடு ரோட்டோரத்தில் நிற்கும், புதுத்தோட்டம் வந்தால் சிங்கவால் குரங்குகள் குறுக்கே போகும். இங்கே 80-இல் போய்த்தான் சுகம் காண வேண்டும் என்கிற வண்டி இந்த ரோட்டுக்கே ஆகாது. 40-இல் சுகம் தருகிற வண்டிதான் எனக்கு ஸ்போர்ட்ஸ் கார்.

தம்பி, புது வண்டிகளில் எலக்ட்ரிக் ஸ்டியரிங். பார்க்கிங்குக்கு லேசாக இருக்கும், வளைவில் ஒன்றும் சொல்லாது. எது வாங்கினாலும் ஸ்டியரிங்கைத்தான் முதலில் கவனியுங்கள்.

திருச்சி_டர்போ:
டீச்சர், உங்கள் பதிவை ரசித்துப் படித்தேன். ஆனால் அது உங்கள் கைப்பழக்கம். புதிதாக வருகிற ஒருவருக்கு ஏபிஎஸ், ஏர்பேக் இல்லாத வண்டியை உதாரணமாகக் காட்டலாமா?

வால்பாறை_டீச்சர்:
ஸென் வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை தம்பி. ஏபிஎஸ்ஸும் ஏர்பேக்கும் கட்டாயம் வேண்டும், அதில் பேச்சே இல்லை. சுகம் எங்கிருந்து வருகிறது என்பதற்காகத்தான் என் வண்டியைச் சொன்னேன்.

யோகோஹாமா_வாசி:
வேலைக்காக ஜப்பானில் இருக்கிறேன். இந்தக் கேள்விக்கு இங்கே 1991-லேயே பதில் சொல்லிவிட்டார்கள் என்பது என் எண்ணம். இங்கே கெய் என்று ஒரு வகுப்பு உண்டு, எஞ்சின் 660 சிசிக்கு மேல் போகக்கூடாது, கம்பெனிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட வரம்பு 64 பிஎஸ். வரி, இன்சூரன்ஸ் எல்லாம் குறைவு என்பதால் காய்கறி ஏற்றுகிற குட்டி வேன்கள்தான் இந்த வகுப்பில் அதிகம். அதே வரம்புக்குள் ஹோண்டா பீட், சுஸுகி காப்புச்சினோ, ஆட்டோஸாம் ஏஇஸட்-1 என்று மூன்று ஸ்போர்ட்ஸ் கார்கள் அடுத்தடுத்து வந்தன. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். ஏஇஸட்-1-க்குக் கதவு மேலே தூக்கித் திறக்கும்.

அலுவலக நண்பர் ஒருவரிடம் பீட் இருக்கிறது, ஹகோனே மலை ரோட்டில் ஓட்டக் கொடுத்தார். 656 சிசி, டர்போ கிடையாது, எடை 760 கிலோ. எஞ்சின் முதுகுக்குப் பின்னால். வரிக்குதிரைக் கோடு போட்ட சீட், உட்கார்ந்தால் ரோடு கையெட்டும் தூரத்தில். 64 பிஎஸ்ஸும் வருவது 8,100 ஆர்பிஎம்மில். மூன்று சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில் (காற்றை உள்ளே விடும் வால்வு) என்பதால் காலை அழுத்திய நொடி எஞ்சின் பதில் சொல்கிறது. 4,000-க்குக் கீழே ஒன்றுமே இல்லை, உண்மையைச் சொல்ல வேண்டும். ஏற்றத்தில் கியர் தப்பினால் பின்னால் வருகிற வேன் நம்மைத் தொட்டுவிடும். ஆனால் 6,000 தாண்டியதும் முதுகுக்குப் பின்னால் வருகிற சத்தம் இருக்கிறதே, 60 கிலோமீட்டர் வேகத்தில் 160-இல் போகிற மாதிரி இருந்தது. கியர் லீவர் ஒரு கட்டை விரல் நீளம் நகர்ந்தால் அடுத்த கியர்.

பீட் வந்த காலத்தில் இந்த வகுப்பு வண்டிகளுக்கு எக்ஸ்பிரஸ்வேயில் 80-தான் அனுமதி, 2000-இல்தான் 100 ஆக்கினார்கள். வேகமாகப் போக முடியாது என்று தெரிந்தே செய்த ஸ்போர்ட்ஸ் கார் அது. இன்றும் நல்ல பீட் சந்தைக்கு வந்தால் ஆள் காத்திருக்கிறார்கள்.

ஏற்காடு_அடிவாரம்:
இதே நாட்டிலிருந்து 1989-இல் வந்த மஸ்டா ரோட்ஸ்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1.6 லிட்டர், 120 பிஎஸ், 940 கிலோ. பவர் பிரமாதம் என்று யாரும் சொன்னதில்லை. 2016-க்குள் பத்து லட்சம் வண்டி செய்துவிட்டார்கள், இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் காரில் உலகத்திலேயே அதிகம் விற்றது அதுதான். அத்தனை பேரும் பெரிய வண்டிக்குக் காசில்லாமல் அதை வாங்கியிருப்பார்களா?

திருச்சி_டர்போ:
டன்னுக்கு 128 பிஎஸ், பின் சக்கர இழுவை, இரண்டே சீட். அதைக் காட்டி முன் சக்கர இழுவை ஸ்விஃப்டுக்கு வாதாடுவது சரியில்லை. அந்த மாதிரி வண்டியை இங்கே விற்கட்டும், நானே முதல் ஆளாக வரிசையில் நிற்கிறேன். ஸ்விஃப்டிலேயே வெளிநாட்டில் ஸ்போர்ட் என்று 1.4 டர்போ, 140 பிஎஸ் வந்தது. 970 கிலோதான். அது ஏன் இங்கே வரவே இல்லை?

குன்னூர்_பனி:
வரிதான் காரணம். 2006 பட்ஜெட்டிலிருந்து இங்கே சின்னக் கார் என்றால் நான்கு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்குள், டீசல் 1,500 சிசிக்குள். அதற்குள் இருந்தால் வரிச் சலுகை. 1.4 போட்டால் அதே உடம்புக்குப் பெரிய கார் வரி. 2025 செப்டம்பர் மாற்றத்துக்குப் பிறகும் இதே கோடுதான், இந்தப் பக்கம் 18 சதவீதம், அந்தப் பக்கம் 40. ஆகவே நம் ஊரில் மலிவாக ஒரு ஸ்போர்ட்டி வண்டி வேண்டும் என்றால் அது 1.2-க்குள்ளேயே பிறந்தாக வேண்டும். ஒரு லிட்டர் டர்போவில் 102 பிஎஸ் கொடுத்து பலேனோ ஆர்எஸ் 2017-இல் வந்தது, 2020-இல் நிறுத்திவிட்டார்கள். அபார்த் புன்டோ 1.4 டர்போ, 145 பிஎஸ், அதுவும் போய்விட்டது. வாங்க ஆளில்லை. வருத்தமான விஷயம், ஆனால் நம் ஆட்கள் மைலேஜும் உயரமும்தான் பார்க்கிறார்கள்.

கோவை_பிட்லேன்:
சின்ன எஞ்சினைக் குறைவாகப் பேசும்போது எங்கள் ஊருக்குக் கொஞ்சம் வலிக்கும். இந்தியாவில் சாமானியர் ரேஸ் ஓட்டலாம் என்று ஆனதே மாருதி 800 எஞ்சினால்தான். 796 சிசி, நாற்பது குதிரைகூட இல்லை. அதை ஒற்றை இருக்கை வண்டியில் வைத்து ஃபார்முலா மாருதி என்று கட்டினார் எங்கள் கோவை ரேஸ் வீரர் கரிவரதன். இங்கே செட்டிபாளையம் ரேஸ் டிராக்குக்கு அவர் பெயர்தான். நரேன் கார்த்திகேயன் இந்த ஃபார்முலா மாருதியில் தொடங்கியவர், 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டினார். பவர் குறைந்த வண்டியில் வேகத்தை ஒரு தடவை தொலைத்துவிட்டால் எஞ்சின் அதைத் திருப்பித் தராது. அதனால் எங்கே பிரேக்கை விட வேண்டும், எவ்வளவு சீக்கிரம் ஸ்டியரிங்கை நேராக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ளாமல் முன்னால் வர முடியாது. பெரிய எஞ்சினில் வளைவைச் சொதப்பினாலும் நேர்ப்பாதையில் மிதித்துச் சரிக்கட்டிவிடலாம், தப்பு தெரியாமலே போய்விடும். பயிற்சிக்கு வருகிற பையன்களில் பெரிய வண்டி ஓட்டிப் பழகியவர்களைவிட ஆல்டோ, 800 ஓட்டிப் பழகியவர்கள் வளைவில் சீராக இருப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

1964 மான்டி கார்லோ ராலியை மறந்துவிட்டீர்களா? ஜெயித்தது பேடி ஹாப்கர்க் ஓட்டிய மினி கூப்பர் எஸ், 1,071 சிசி. எதிரில் ஃபோர்ட் ஃபால்கன், வி8.

திருச்சி_டர்போ:
அதில் முழு உண்மையையும் சொல்லுங்கள் ஐயா. அந்த வருடம் எஞ்சின் அளவுக்கு ஏற்ப ஹேண்டிகேப், அதாவது சின்ன எஞ்சினுக்குக் கணக்கில் சலுகை இருந்தது. பந்தயப் பகுதிகளில் ஃபால்கன்தான் வேகம், கணக்கில் மினி முந்தியது.

கோவை_பிட்லேன்:
ஹேண்டிகேப் இருந்தது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் மலை ரோட்டில், பனியில், நான்கு மடங்கு பெரிய எஞ்சினுக்குச் சில நொடிகள் பின்னால் ஒட்டிக்கொண்டே வந்ததால்தான் அந்தக் கணக்கே அதற்கு உதவியது. 1965-லும் 1967-லும் மறுபடி மினிதான் ஜெயித்தது. நான் சொல்ல வந்தது அதுதான்.

மதுரை_பட்டறை:
இவ்வளவு பேசுகிறீர்கள், வாங்கப்போவது பழைய வண்டி என்பதை மறக்காதீர்கள். சஸ்பென்ஷன் புஷ் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர்) தேய்ந்து, ஷாக் அப்சார்பர் எண்ணெய் கசிந்த ஸ்விஃப்டை ஓட்டிவிட்டு "இதில் ஒரு சுகமும் இல்லை" என்று சொல்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். புது புஷ், நல்ல டயர், அலைன்மென்ட், இது மூன்றும் செய்தால் அதே ஆள் மறுநாள் போன் பண்ணுவார். ஓட்டிப் பார்க்கும்போது ஜன்னலை இறக்கிவிட்டு மேடு பள்ளத்தில் மெதுவாகப் போங்கள், முன்பக்கம் கடகடவென்று சத்தம் வந்தால் புஷ் அல்லது லிங்க் ராடு. மூன்றாவது கியரில் மெதுவாகப் போய்ச் சட்டென்று முழுசாக மிதியுங்கள், ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் போய்விட்டது. போலோ ஜிடி டிஎஸ்ஐயில் இருப்பது டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக். வண்டி அருமையான வண்டி, ஆனால் பழைய டூயல் கிளட்ச் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் பழுதானால் செலவு சின்ன அளவில் நிற்காது. சர்வீஸ் புத்தகம் முழுசாக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

ஸ்விஃப்டில் கீழ் மாடல்களான எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐக்கு 165/80 ஆர்14 டயர், மேல் மாடலான இசட்எக்ஸ்ஐக்கு அதைவிட அகலமான 185/65 ஆர்15. மலை ஓட்டத்துக்கு இரண்டாவதுதான். அதையே தேடுங்கள்.

நாமக்கல்_கியர்:
எல்லோருக்கும் நன்றி. இரண்டு வண்டியையும் ஓட்டிப் பார்த்தேன். போலோ நெடுஞ்சாலையில் அபாரம், திருச்சி ப்ரோ சொன்ன அந்தத் தள்ளுதல் இருந்தது, கதவு மூடுகிற சத்தமே வேறு. ஆனால் மலையில் கியர் அதுவாகவே மாறிக்கொள்வதால் எனக்கு வேலை இல்லை. ஸ்விஃப்ட் இசட்எக்ஸ்ஐ ஒன்றைக் காரவள்ளியிலிருந்து மேலே எடுத்துப் போனேன். ஒரு வளைவில் அரசு பஸ் முழு ரோட்டையும் எடுத்துக்கொண்டு இறங்கியது, ஒதுங்கி நின்று வழி விட்டு, முதல் கியரில் எடுத்து இரண்டாவதில் மிதித்தேன். அதற்கு மேல் இருந்த வளைவுகளில் வண்டி மூக்கைத் திருப்பிய விதம் பிடித்துவிட்டது. டீச்சர் சொன்ன மாதிரி ஸ்டியரிங் பெரிதாக எதுவும் சொல்லவில்லை, அது குறைதான். பாதுகாப்பு விஷயம் மனதில் உறுத்துகிறது, நெடுஞ்சாலையில் நிதானமாகப் போவது என்று முடிவு செய்திருக்கிறேன். ஸ்விஃப்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. டயர் மட்டும் மாற்ற வேண்டும். 195/60 போடலாமா பட்டறை அண்ணா?

திருச்சி_டர்போ:
வாழ்த்துகள் ப்ரோ. நான் போலோதான் எடுத்திருப்பேன், இருந்தாலும் மனசுக்குப் பிடித்ததை எடுத்தீர்கள். திருச்சிப் பக்கம் வந்தால் சொல்லுங்கள், இரண்டு வண்டியையும் எடுத்துக்கொண்டு பச்சைமலை போவோம்.

மதுரை_பட்டறை:
195/60 ஆர்15 சுற்றளவு ஒரு சதவீதம்தான் குறையும், பொருந்தும். ஆனால் வேண்டாம். அகலம் கூடினால் 83 பிஎஸ்ஸுக்கு அது சுமைதான், மைலேஜும் கொஞ்சம் போகும். அதே 185/65-இல் நல்ல டயராகப் பார்த்து நான்கும் சேர்த்துப் போடுங்கள். டயர் பக்கச்சுவரில் நான்கு எண் இருக்கும், 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. கடைக்காரர் பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிடாமல் அதைப் பார்த்து வாங்குங்கள். போட்ட கையோடு அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள், முதல் 200 கிலோமீட்டர் மலைக்குப் போகாதீர்கள், புது டயரின் மேல்தோல் வழுக்கும்.